சிம் இல்லையேல் சிறப்பில்லையா?

பி.எஸ்ஸி. கணினி அறிவியல், மூன்றாம் ஆண்டு மாணவி

"உன் நம்பர் என்ன?" என்று கேட்பதுதான் இன்று இருவர் அறிமுகமாகும் முறை. பெயரைக் கேட்பதற்கு முன்பே எண்ணைக் கேட்கின்றோம். எண் இல்லாதவர் ஆளே இல்லை என்னும் நிலை வந்துவிட்டது. மனிதர்க்கே இந்த நிலை என்றால், மனிதர் கையிலுள்ள கைப்பேசியின் நிலையைக் கூறவும் வேண்டுமோ? சிம் அட்டை கழற்றப்பட்ட கைப்பேசியை, உயிர் பிரிந்த உடலாகவே நம்மவர் எண்ணுகின்றனர். பழைய மின்கட்டண அட்டைக்கும் மை தீர்ந்த பேனாக்களுக்கும் நடுவே, மேசை இழுப்பறையில் அதற்கு ஒரு கல்லறை அமைத்துவிடுகின்றனர்.

அது உயிர் பிரிந்த உடல் அன்று, உறங்கும் உடலே என்பது என் கருத்து. அதைத் தட்டி எழுப்பினால் நம் கல்லூரியில் பலருக்கு அது கல்விக் கருவியாகும். செயலி எழுதக் கற்கும் மாணவர்க்குச் சிம் இல்லாத பழைய கைப்பேசியே போதும். போதும் என்பது மட்டுமன்று, அதுவே ஏற்றதும் ஆகும். இந்த ஒன்றைச் சொல்லவே இக்கட்டுரையை எழுத முன்வந்தேன். படித்துத் தெரிந்துகொண்டதைவிடப் பட்டுத் தெரிந்துகொண்டதே இதில் அதிகம்.

உருளை திரும்பிய கதை

இறுதியாண்டில் எங்கள் துறையில் ஒவ்வொருவரும் ஒரு திட்டப்பணி செய்ய வேண்டும். நான் எடுத்துக்கொண்டது ஒரு பேருந்துச் செயலி. எங்கள் வழித்தடத்தில் வரும் நகரப் பேருந்தில், தமிழ் இலக்கியம் படிக்கும் பார்வையற்ற தம்பி ஒருவர் நாள்தோறும் பயணம் செய்கின்றார். இறங்க வேண்டிய இடத்தை நடத்துநர் சொன்னால் உண்டு. கூட்ட நெரிசலில் அவர் மறந்துவிட்டால், தம்பி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வாகனங்கள் விரையும் சாலையோரமாகத் திரும்பி நடக்க வேண்டும். "அடுத்து நம் கல்லூரி நிறுத்தம்" என்று கைப்பேசியே காதில் சொன்னால் என்ன? இதுதான் என் திட்டப்பணி. நிறுத்தங்களின் இருப்பிடங்களை முன்கூட்டியே செயலிக்குள் பதிந்து வைத்தேன். பெயர்களை என் குரலிலேயே பேசிப் பதிவு செய்தேன்.

எழுதியாயிற்று, சோதிக்க வேண்டுமே! கணினிக்குள்ளேயே ஒரு பொய்க் கைப்பேசியை ஓடவிடும் எமுலேட்டர் என்னும் மென்பொருள் உண்டு. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்குக் குறைந்தது 8 ஜிபி நினைவகமும், எமுலேட்டரும் சேர்ந்தால் 16 ஜிபி நினைவகமும் வேண்டும் என்று அதை வெளியிடும் கூகுள் நிறுவனமே கூறுகின்றது. எங்கள் ஆய்வகக் கணினிகளில் உள்ளதோ 8 ஜிபி. எமுலேட்டரைத் தொடங்கிவிட்டுத் தேநீர் அருந்தி வந்தாலும் திரை கறுத்தே கிடக்கும். உண்மையான கைப்பேசியைக் கேபிளில் இணைத்துவிட்டாலோ அந்தப் பாரம் முழுவதும் கணினியை விட்டு நீங்கிவிடும். ஆகவே, வசதி குறைந்த கணினி உள்ள இடத்தில்தான் உண்மைக் கைப்பேசியின் தேவை அதிகம்.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி, அம்மாவுடையது. அதைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு கல்லூரிக்கு வந்தேன். அன்று பார்த்தா எரிவாயு உருளை வர வேண்டும்? உருளையைப் பெற, பதிவு செய்த எண்ணுக்கு வரும் குறியீட்டை உருளை கொண்டுவருபவரிடம் சொல்ல வேண்டும். குறியீடு வந்தது. வந்த இடமோ ஆய்வகத்தில் என் மேசை. அம்மா வாசலில் நின்று, "பாப்பா போனை எடுத்துக்கிட்டுப் போயிடுச்சுங்க" என்று சொல்லியிருக்கின்றார். உருளை வந்த வண்டியிலேயே திரும்பிவிட்டது. அடுத்த மூன்று நாட்கள் எங்கள் வீட்டில் விறகடுப்பு.

அம்மா என்னைத் திட்டவில்லை. மூன்றாம் நாள், கண்களைத் துடைத்துக்கொண்டே, "புகை கொஞ்சம் அதிகம் கண்ணு" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அன்று ஒன்று புரிந்தது. சிம் உள்ள கைப்பேசி இன்று ஒரு வீட்டின் வாசற்கதவு. வங்கியும், ரேஷனும், மகளிர் குழுவும், மருத்துவமனையும் அந்த வழியாகத்தான் உள்ளே வருகின்றன. வாசற்கதவைக் கழற்றிக்கொண்டு போய்த் தச்சு வேலை பழகலாமா? பழகுவதற்கு வேறு பலகைதான் தேட வேண்டும்.

அத்தை தந்த பலகை

என் அத்தை வீட்டு இழுப்பறையில், மூலையில் கண்ணாடி விரிசல் விட்ட கைப்பேசி ஒன்று இரண்டாண்டுகளாக உறங்கிக்கொண்டிருந்தது. "எடுத்துக்கோ, அதுல சிம் கூட இல்ல" என்று, குறை சொல்வதுபோல் கொடுத்தார். எனக்கு வேண்டியதும் அதுதானே!

அதை எழுப்பிய கதையைச் சற்று விரிவாகவே சொல்கின்றேன். பின்னால் வருவோர்க்குப் பயன்படட்டும்.

முதல் தடை பழைய கணக்கு. அத்தை மகன், கொடுப்பதற்கு முன் அதிலுள்ளவற்றை அழித்துவிடுவதாக எண்ணி, பக்கவாட்டுப் பொத்தான்களை அழுத்திக் கைப்பேசியைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவந்திருந்தான். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல் ஒரு காவல் உண்டு. அப்படி அழிக்கப்பட்ட கைப்பேசி, முன்பு அதிலிருந்த கூகுள் கணக்கைக் கேட்ட பிறகே உள்ளே விடும். திருடனுக்குப் பயன்படக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது, நல்ல ஏற்பாடுதான். பேருந்து நிலையக் கடையில் முந்நூறு ரூபாய் கொடுத்தால் பூட்டை உடைத்துத் தருவதாகச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. தோழியின் கைப்பேசியிலிருந்து வைஃபை பெற்று, அத்தையை அழைத்து, அவர் எண்ணுக்கு வந்த குறியீட்டை அவர் ஒவ்வோர் இலக்கமாகப் படிக்கப் படிக்க நான் அழுத்தினேன். கதவு திறந்தது. கொடுப்பவர் முதலில் அமைப்புகளுக்குள் சென்று தம் கணக்கை நீக்கிவிட்டுப் பிறகு அழித்திருந்தால், இந்தப் பாடே இல்லை. ஐபோனிலும் 2013 முதல் இதைப் போன்ற பூட்டு உண்டு.

உள்ளே நுழைந்ததும், "சிம் அட்டையைச் செருகுங்கள்" என்றது திரை. அதன் கீழேயே, மங்கலான எழுத்தில், "தவிர்" என்று பொருள்படும் பொத்தானும் இருந்தது. பெரிய எழுத்தைப் பார்ப்பவர் கடைக்கு ஓடுகின்றார். சிறிய எழுத்தைப் பார்ப்பவர் மேலே செல்கின்றார். முன்னிருந்த கணக்கின் பூட்டு நீங்கிய கைப்பேசிகளில் பெரும்பாலானவை, புதிய கூகுள் கணக்கைக் கூடக் கட்டாயமாகக் கேட்பதில்லை. அதையும் தவிர்த்துவிடலாம்.

அடுத்து வந்தது ஒரு வேடிக்கை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், "பாதுகாப்பான இணைப்பு இல்லை" என்று மறுத்தது. ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு திரையின் மூலையைப் பார்த்தேன். தேதி பல ஆண்டுகள் பின்னால் கிடந்தது! மின்கலம் முழுவதும் வடிந்திருந்ததால் கடிகாரம் வழி தவறிவிட்டது. சிம் இருந்தால் கோபுரத்திலிருந்து நேரம் வந்து சேரும். வைஃபை வழியாகவும் பெறலாம்; என் கருவி அன்று பெறவில்லை. இணையப் பக்கங்களின் பாதுகாப்புச் சான்றுகளுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. அந்தக் காலத்துக்கு முன்னே நிற்கும் கடிகாரம் அவற்றைச் செல்லாதவை என்று தள்ளிவிடும். தேதியைக் கையால் திருத்தியவுடன் எல்லாம் சீராயிற்று.

பிறகு அமைப்புகளில் "கைப்பேசியைப் பற்றி" என்னும் பகுதிக்குச் சென்று, பில்டு நம்பர் என்னும் வரியை ஏழு முறை தட்டினேன். "நீங்கள் இப்போது டெவலப்பர்" என்ற பொருளில் ஒரு வாசகம் தோன்றியது. மூன்றாண்டு படித்து வாங்க வேண்டிய பட்டத்தை ஏழு தட்டில் தந்துவிட்டது இயந்திரம்! புதிதாகத் தோன்றிய பட்டியலில் யுஎஸ்பி டீபக்கிங் என்பதை இயக்கினேன். கேபிளில் இணைத்ததும், "இந்தக் கணினியை நம்பலாமா?" என்று கைப்பேசி கேட்கும். நம்பலாம் என்று ஒப்புதல் தர வேண்டும். கேட்கவே இல்லை என்றால் குற்றம் பெரும்பாலும் கேபிளில். மலிவான கேபிள்கள் சிலவற்றில் மின்சாரம் செல்லும் கம்பிகள் மட்டுமே இருக்கும். தரவு செல்லும் கம்பிகள் இரா. இப்படி இரண்டு கேபிள்களில் நான் ஏமாந்தேன்.

எல்லாம் முடிந்தது என்று மகிழ்ந்திருந்தபோதுதான் இறுதித் தடை எழுந்தது. கேபிள் வழியே செயலியை நிறுவ, அந்தக் கைப்பேசியைச் செய்த நிறுவனம் தனியாக ஒரு சுவிட்ச் வைத்திருந்தது. அதை இயக்கப் போனால், "சிம் அட்டையைச் செருகவும்" என்கின்றது! நான் எழுதிய செயலி, அத்தை விலை கொடுத்து வாங்கிய கைப்பேசி, கல்லூரியின் கணினி. இம்மூவர்க்கும் நடுவே, வராத ஒரு நான்காமவரின் அனுமதி எதற்கு? அறியாதவர்களை ஏமாற்றித் தீய செயலிகளைப் புகுத்துவோரைத் தடுக்கவே இது என்கின்றனர். நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். ஆனால், ஒருவர் யார் என்பதற்கு அவர் கட்டும் ரீசார்ஜ்தான் சான்றா?

தடை நிறுவுவதற்குத்தான், கோப்பை நகலெடுப்பதற்கு இல்லை. ஆகவே செயலிக் கோப்பைக் கேபிள் வழியே கைப்பேசியின் சேமிப்பகத்தில் வைத்து, கைப்பேசியிலேயே அதைத் தட்டி நிறுவினேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் இதே வேலை. ஒரு நாளில் முப்பது திருத்தம் செய்தால் முப்பது முறை. பத்தாம் நாள் அலுத்துப்போய், இரவில் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் எதுவும் பேசாமல், சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றித் தம் கைப்பேசியின் சிம்மை எடுத்துக் கொடுத்தார். "அஞ்சு நிமிஷந்தான்" என்றார். அந்த நிறுவனத்தின் கணக்கு ஒன்றையும் தொடங்கி, ஐந்தே நிமிடத்தில் சுவிட்சை இயக்கிவிட்டுச் சிம்மைத் திருப்பிக் கொடுத்தேன். அதன் பிறகு இன்றுவரை அந்தக் கைப்பேசி சிம்மைக் கண்டதில்லை.

பூட்டு பிறந்த ஊர்

இப்படி ஒரு பூட்டு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். கைப்பேசி இணைப்பு நிறுவனங்களின் கை ஓங்கிய அமெரிக்காவில் இதன் முன்னோர்களைக் காணலாம்.

2007 ஜூன் 29-ஆம் நாள் அங்கே ஐபோன் விற்பனைக்கு வந்தது. வாங்கியவர் ஏடி அண்ட் டி என்னும் ஒரே நிறுவனத்துடன் இரண்டாண்டு ஒப்பந்தம் செய்து, கணினியில் ஐட்யூன்ஸ் வழியாக அதை உயிர்ப்பிக்க வேண்டும். அதுவரை பாட்டுக் கேட்கக் கூட அது உதவாது. ஒரு வாரத்துக்குள்ளாகவே, நார்வே நாட்டைச் சேர்ந்த யோன் லெக் யோஹான்சன் என்னும் நிரலாளர், ஒப்பந்தம் இல்லாமலே அதை உயிர்ப்பிக்கும் வழியை வெளியிட்டார். அழைப்பு மட்டும் வராது; பாட்டும் வைஃபையும் இயங்கும்.

2008 அக்டோபரில் முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசியாகிய ஜி1, டி-மொபைல் நிறுவனத்தின் வழியாக வந்தது. அதிலும் முதன்முறை கூகுள் கணக்கில் நுழைய, சிம்மும் அதன் இணைய இணைப்பும் வேண்டும். பக்கத்திலேயே வைஃபை இருந்தாலும், அதை இயக்கும் அமைப்புப் பக்கத்துக்குப் போக முதல் திரை வழி விடாது. செயலி எழுதுவோர் கணினியிலிருந்து கேபிள் வழியே கட்டளை அனுப்பி, அந்த அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வைஃபையை இயக்கி உள்ளே புகுந்தனர். அதே ஆண்டு டிசம்பரில் கூகுள் நிறுவனமே, எந்த இணைப்பு நிறுவனத்துக்கும் கட்டுப்படாத கைப்பேசி ஒன்றைச் செயலி எழுதுவோர்க்கென்று 399 டாலருக்கு விற்றது. செயலி எழுதுவோரின் தேவை வேறு, அழைத்துப் பேசுவோரின் தேவை வேறு என்பதை அதை உருவாக்கியவர்களே ஒப்புக்கொண்டதாகத்தானே இதற்குப் பொருள்?

நம் நாட்டில் பெரும்பாலும் கைப்பேசி தனி, சிம் தனி என்றே விற்கின்றனர். அங்கே போராடிப் பெற்ற வசதி இங்கே இயல்பாகவே கிடைத்திருக்கின்றது. கிடைத்ததனாலேயே அதன் அருமை நமக்குத் தெரியவில்லை போலும்!

சொல்லப்படும் மறுப்புகள்

"ஒரு சிம் வாங்கிப் போட்டால் முடிந்தது. இதற்கு ஒரு கட்டுரையா?" என்று நண்பர்கள் சிரிக்கின்றனர். கணக்குப் பார்ப்போம். இணையத்தோடு கூடிய ரீசார்ஜ் இன்று 28 நாட்களுக்கு இருநூறு ரூபாயை ஒட்டி இருக்கின்றது. 28 நாள் என்றால் ஆண்டுக்கு 13 முறை. ஏறத்தாழ 2,600 ரூபாய்! ஒரு பருவத்துக்கு நான் கட்டும் கல்லூரிக் கட்டணத்தைவிட இது அதிகம். 2024 ஜூலையில் பெரிய தனியார் நிறுவனங்கள் எல்லாம் கட்டணத்தை உயர்த்தியதை யாரும் மறந்திருக்க முடியாது. பேசவே பேசாத கைப்பேசிக்கு மாதந்தோறும் பேச்சுக் கட்டணமா?

பணம் மட்டுமன்று. சிம் யார் பெயரில்? ஒருவர் பெயரில் அதிகமாக 9 இணைப்புகளே இருக்கலாம் என்பது நம் நாட்டு விதி. சில மாநிலங்களில் 6. பத்துப் பேர் மாறி மாறிக் கையாளும் சோதனைக் கைப்பேசியில் ஒருவர் தம் பெயரில் சிம் வாங்கிப் போட்டால், அதிலிருந்து யார் என்ன செய்தாலும் கேள்வி அவரிடம்தான் வரும். நட்புக்காகச் சிம் கொடுப்பது, நட்புக்காகக் கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாளைக் கொடுப்பதற்குச் சமம்.

எங்கள் பேராசிரியர் எழுப்பிய மறுப்பு ஆழமானது. "செயலியைப் பயன்படுத்தப் போகிறவங்க எல்லார் போன்லயும் சிம் இருக்கும். நீ சிம் இல்லாத போன்ல சோதிச்சா அது அரைச் சோதனை இல்லையாம்மா?" என்று கேட்டார். இக்கேள்வி என் உறக்கத்தைக் கெடுத்தது என்றால் அது மிகையாகாது. எண்ணிப் பார்த்து நான் கண்ட விடை இது.

சிம் இல்லாமல் சோதிக்க முடியாதவை உண்டு. அழைப்பு வரும்போது செயலி ஒதுங்கி நிற்கின்றதா, குறுஞ்செய்தியைப் படிக்கின்றதா, வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது தடுமாறுகின்றதா என்பவற்றுக்குச் சிம் வேண்டும். பணம் செலுத்தும் யுபிஐ செயலிகள், சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தியை அனுப்பித்தான் கைப்பேசியை அடையாளம் காண்கின்றன. அவற்றுக்கும் சிம் வேண்டும். ஆயினும் இவற்றிலும் சிலவற்றுக்கு மாற்று உண்டு. எமுலேட்டர் ஓடும் கணினி ஒன்று எங்கேனும் கிடைத்தால், பொய் அழைப்பையும் பொய்க் குறுஞ்செய்தியையும் அதில் வரவழைக்கலாம். எண்ணுக்குக் குறியீடு அனுப்பி உள்ளே விடும் செயலிகளுக்கும், ஃபயர்பேஸ் போன்ற சேவைகளில் கற்பனை எண்ணையும் அதற்குரிய குறியீட்டையும் நாமே முன்கூட்டிப் பதிந்து வைத்துச் சோதிக்க முடிகின்றது.

மற்றவை அனைத்தும் சிம் இல்லாமலே இயங்குபவை. திரை, தொடுதல், ஒலி, கேமரா, வைஃபை, புளூடூத், சேமிப்பகம், அசைவை அறியும் உணரிகள் ஆகியவற்றில் எது ரீசார்ஜ் கேட்கின்றது? ஜிபிஎஸ் கூடக் கேட்பதில்லை. சிம் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் இயங்காது என்று எங்கள் வகுப்பிலேயே பலர் நம்பியிருந்தனர். செயற்கைக்கோள்களிலிருந்து வரும் குறிகைகளைக் கைப்பேசி பெற்று, தன் இருப்பிடத்தைத் தானே கணக்கிடுகின்றது. வலையமைப்பின் உதவி இல்லாததால் முதல் முறை மட்டும் தாமதமாகும். அவ்வளவே.

அதைப் பேருந்திலேயே கண்டேன். நிலையத்தின் கூரைக்குக் கீழே கைப்பேசி திசை தெரியாமல் விழித்தது. பேருந்து வெளியே வந்து, வானம் தெரிந்த சில நிமிடங்களில் இடம் பிடிபட்டது. அதன் பிறகு ஒவ்வொரு நிறுத்தமாக என் குரல் எனக்கே கேட்டது. பக்கத்து இருக்கைப் பாட்டி, "யாரு பேசறது?" என்று சுற்றுமுற்றும் பார்த்தார். எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை.

இன்னொன்றும் கண்டேன். எங்கள் வழித்தடத்தில் ஏரிக்கரையை ஒட்டிய இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் எந்த நிறுவனத்தின் இணைப்பும் கிடைப்பதில்லை. அம்மாவின் கைப்பேசியில் சோதித்த நாட்களில் செயலி அங்கே அப்படியே உறைந்துவிடும். இணைப்பின் குறை என்று எண்ணி விட்டுவிட்டேன். அத்தையின் கைப்பேசியிலோ அது தொடக்கத்திலேயே உறைந்தது. காரணத்தைத் தேடினேன். தேவையே இல்லாமல், வரைபடத்தை இணையத்திலிருந்து கேட்டுக் காத்திருக்கும்படி நான்தான் எழுதியிருந்தேன்! அந்த வரிகளை நீக்கினேன். ஏரிக்கரையிலும் செயலி பேசிற்று. இணைப்பு நம் பிழைகளை மூடி மறைக்கின்றது. இணைப்பில்லாத கைப்பேசி அவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகின்றது. ஆகவே, ஐயா அவர்களுக்கு என் பணிவான விடை: தொடக்கம் முதல் தொண்ணூறு பங்குச் சோதனையைச் சிம் இல்லாத கைப்பேசியில் செய்வோம். எஞ்சிய பத்துப் பங்கைச் சிம் உள்ள கைப்பேசியில், வீட்டாரின் அனுமதியோடு, ஒரு விடுமுறை நாளில் முடிப்போம். இதைக் கேட்டு அவர் புன்னகைத்தார். அது உடன்பாடா, பொறுமையா என்பது அவருக்கே தெரியும்!

பழைய கைப்பேசி பாதுகாப்பற்றது என்பது மூன்றாவது மறுப்பு. உண்மைதான். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன கருவியில் வங்கிக் கணக்கையோ சொந்தப் படங்களையோ வைக்கக் கூடாது. சோதனைக் கைப்பேசியில் அவை எதற்கு? இதில் இழப்பதற்கு எதுவும் இல்லை என்பதே இதன் பலம். மாறாக, அன்றாடம் பயன்படுத்தும் கைப்பேசியில் யுஎஸ்பி டீபக்கிங்கைத் திறந்து வைத்து மறந்துவிடுவதுதான் ஆபத்து. மின்கலம் உப்பியிருக்கும் கைப்பேசியை மட்டும், எவ்வளவு நல்லதாயினும், தொடவே கூடாது.

ஓர் அலமாரி வேண்டும்

நம் நூலகத்தில் நூல்களுக்கு அலமாரி இருக்கின்றது. ஆய்வகத்தில் கைப்பேசிகளுக்கு ஓர் அலமாரி வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அரசாணை எதுவும் தேவையில்லை. பெரிய நிதியும் தேவையில்லை. நம் கல்லூரி மாணவர், ஆசிரியர், முன்னாள் மாணவர் வீட்டு இழுப்பறைகளில் உறங்கும் கைப்பேசிகளில் பத்து கிடைத்தால் போதும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் ஒரு வாரத்தில் திரட்டிவிடுவர். வெவ்வேறு அளவுத் திரைகளும் வெவ்வேறு ஆண்டு ஆண்ட்ராய்டுகளும் கலந்திருப்பது சோதனைக்கு நல்லதே.

சில ஒழுங்குகள் வேண்டும். கொடுப்பவர் தம் கணக்கை நீக்கி, உள்ளிருப்பவற்றை அழித்து, ஒரு சிறு கடிதத்தோடு கொடுக்க வேண்டும். *#06# என்று அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணை, சிம் இல்லாமலே பார்க்கலாம். அதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். 2023-இல் தொடங்கப்பட்ட சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைச் சரிபார்த்து, திருட்டுக் கைப்பேசி அன்று என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். நூல் எடுப்பதுபோல் கையெழுத்திட்டு எடுத்து, வேலை முடிந்ததும் வைத்துவிட வேண்டும். தரவு செல்லும் நல்ல கேபிள்கள் ஐந்து வாங்க வேண்டும். செலவு என்றால் இது ஒன்றுதான்.

காலம் தாழ்த்தக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. பிளே ஸ்டோரில் 2023 நவம்பருக்குப் பின் தனிநபராகக் கணக்குத் தொடங்குவோர், செயலியை வெளியிடுவதற்கு முன் 12 பேரைக் கொண்டு 14 நாட்கள் தொடர்ந்து சோதிக்க வேண்டும். முதலில் 20 பேர் என்றிருந்தது. 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தனர். ஸ்டோருக்கு வெளியே கொடுக்கும் செயலிகளை எழுதுவோரும் தம் அடையாளத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றும், 2026 முதல் சில நாடுகளில் தொடங்கிப் பிறகு விரிவாக்கப் போவதாகவும் கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. கேபிள் வழியே தம் செயலியைத் தாமே நிறுவிச் சோதிப்போர்க்கு இதில் தடையில்லை என்றும் அந்நிறுவனம் கூறியிருக்கின்றது. வாசல்கள் ஒவ்வொன்றாகக் காவலுக்கு உட்படுகின்றன. காவல் தவறு என்று நான் வாதிடவில்லை. கற்கின்றவர் நுழைவதற்குரிய அந்தச் சிறு வாசலை நாம் அறிந்து வைத்திருக்க வேண்டும் என்றே சொல்கின்றேன்.

திட்டப்பணியைப் பாதியில் விட்டுவிட்டு, யாரோ எழுதியதை விலைக்கு வாங்கி வைத்துவிடும் வழக்கம் நம்மிடையே இல்லை என்று யாரேனும் சொல்ல முடியுமா? அவர்கள் அனைவரும் சோம்பேறிகள் அல்லர். சோதிக்கக் கருவி இல்லாமல் சோர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. என் தோழி ஒருத்தி, வீட்டுக் கைப்பேசியை வெளியே கொண்டுவர அனுமதி இல்லாததால், தான் எழுதிய செயலி ஒருமுறையேனும் ஓடியதைக் காணாமலே தாளில் அச்சிட்டுக் கொடுத்தாள். அவள் எழுதியது ஓடியிருக்குமா, ஓடாதா என்பது இன்றுவரை அவளுக்கே தெரியாது. ஓர் அலமாரி இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

சென்ற மாதம் அந்தத் தம்பி என் அத்தையின் கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காதில் ஒற்றைக் காதொலிப்பானோடு பேருந்தில் வந்தார். நான் பின்னிருக்கையில் வாய் திறவாமல் அமர்ந்திருந்தேன். நடத்துநர் அன்று கூட்டத்தில் எங்கோ இருந்தார். கல்லூரி நிறுத்தத்துக்கு முன்பே தம்பி எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்துவிட்டார். இறங்கியதும், "ஒரு நிறுத்தம் முன்னாடியே சொல்லிடுதுக்கா. ஆனா ஏரிக்கரை நிறுத்தத்தோட பேரை ரெண்டு தடவை சொல்லுது" என்றார். பிழையைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அன்று மாலையே திருத்தினேன்.

அதே நாளில் எங்கள் வீட்டுக்கு உருளை வந்தது. கைப்பேசி அடுப்பங்கரைத் தட்டில், அம்மாவின் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. சிம் உள்ள கைப்பேசி வீட்டில் இருக்கட்டும். சிம் இல்லாதது கல்லூரிக்கு வரட்டும். இன்று வீடு திரும்பியதும், அன்பர்களே, உங்கள் இழுப்பறையை ஒருமுறை திறந்து பாருங்கள்.